அணை கட்டிய ஏரி என்றால் இயற்கை இல்லையா?
இங்கிலாந்தில் ஏரி பார்க்க, வடமேற்கில் ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதி மட்டும் போதும், மனிதன் வெட்டிய நீர்த்தேக்கங்களில் இயற்கை கிடையாது என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. லேக் டிஸ்ட்ரிக்டிலேயே தேர்ல்மியரும் ஹாஸ்வாட்டரும் மான்செஸ்டரின் குடிநீருக்காக அணை கட்டி நீர்மட்டம் உயர்த்தியவைதானே. கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நார்ஃபோக் பிராட்ஸ் என்ற ஏரிகள் கூட, இடைக்காலத்தில் விறகுக்குப் பதிலாக எரிக்கப் பீட் மண் (செடிகள் பாதி மக்கி உண்டான, எரியக்கூடிய மண்) வெட்டிய குழிகளில் தண்ணீர் ஏறி உண்டானவை. சரி, நான் போய்ப் பார்த்த ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தைச் சொல்கிறேன். 1970களில் க்வாஷ் ஆற்றை மறித்துக் கட்டியது. அதன் மேற்குக் கரையில் உள்ள சரணாலயத்தில் 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பெரிய வேட்டைப் பறவை, ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே) குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பறக்க விட்டார்கள். 2001இல் ஒரு ஜோடி அங்கேயே குஞ்சு பொரித்தது. மத்திய இங்கிலாந்தில் சுமார் 150 ஆண்டுகளாக நடக்காத விஷயம் அது! நீர்த்தேக்கத்தின் லிண்டன் பக்கத்தில், பறவை பார்ப்பதற்கான மரக்குடிலில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பறவை கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் பாய்ந்து, மீனைத் தலை முன்னே வரும்படி பிடித்துக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து கைதட்டினோம். இதை இயற்கை இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்புறம், கார் இல்லாமல் போக முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். ஓக்கம் ரயில் நிலையத்திலிருந்து சரணாலயத்தின் எக்லெட்டன் பார்வையாளர் மையம் நடந்தே போகிற தூரம்தான். மே, ஜூனில் போங்கள். செப்டம்பருக்குள் விராலடிப்பான்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும்.