கருவாடு காய்கிற இடமும் ஒரு வீட்டு முற்றம்தான்

சென்ற ஞாயிற்றுக்கிழமைத் தரங்கம்பாடிப் பயணத்தைப் பற்றியும், அங்கே கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கேட்காமல் எடுத்து அதன்பின் பரவிய அந்த ஒரு நிமிடக் காணொளியைப் பற்றியும் எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நேற்று அதன் கீழே "கடற்கரை என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒருவர் கேட்டிருந்ததையும், என்னோடு ஒரே வேனில் வந்த நான்கு பேர் அதற்கு விருப்பக்குறி போட்டிருந்ததையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டிருக்க வேண்டும். அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு "எடுக்காதய்யா" என்று சொல்வது காணொளியிலேயே தெளிவாகக் கேட்கிறது. அதன் பிறகும் கைப்பேசி கீழே இறங்கவில்லை, இன்னும் இரண்டடி நெருங்கித்தான் போகிறது. போதாக்குறைக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொல்லி மேலே ஒரு வரி வேறு.

அன்று காலையில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை உடன் வந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குள், எந்த அறையில் படம் எடுக்கலாம், எதில் கூடாது என்று காவலாளியிடம் கேட்டுக் கேட்டுத்தான் நடந்தோம். 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை முடியும்வரை வெயிலில் வாசலிலேயே காத்து நின்றோம். உள்ளே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறைக்குப் பக்கத்தில் யாரும் குரலை உயர்த்தக்கூட இல்லை. அதெல்லாம் சரியான நடத்தை, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. முந்நூறு வருடத்துக் கல்லறைக்குக் கொடுத்த அந்த மரியாதையை, மதியம் உயிரோடு குத்துக்காலிட்டு நெத்திலி புரட்டிக்கொண்டிருந்த ஒருத்திக்கு ஏன் கொடுக்க முடியாமல் போனது என்றுதான் கேட்கிறேன்.

பொது இடம் என்கிறீர்கள். சட்டப்படி இருக்கலாம், அதில் நான் வாதாட வரவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் உங்கள் வீட்டுத் திண்ணையும்தான் தெரிகிறது, அதற்காக அங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவை யாராவது படம் பிடித்து ஊருக்குக் காட்டினால் விடுவீர்களா? எங்கள் மீனவ ஊர்களில் வீட்டுக்கும் அலைவாய்க்கரைக்கும் நடுவே சுவர் கிடையாது. வலை பின்னுவதும் மீன் காய்வதும் கல்யாணப் பந்தல் போடுவதும் அந்த மணலில்தான். சந்திரபாடியிலும் அப்படித்தான், சின்னங்குடியிலும் அப்படித்தான். படம் எடுப்பவர்களுக்குத்தான் அது கடற்கரை, அங்கே வாழ்கிறவர்களுக்கு அது முற்றம்.

சுற்றுலா வந்தால் அவர்களுக்கு வருமானம்தானே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அன்று வேனில் வந்த பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட அந்த ஊரில் கால் கிலோ கருவாடு வாங்கவில்லை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

இன்னொருவர், பட்டப்பகலில் ஆண்கள் வேலை செய்யாமல் மர நிழலில் உட்கார்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். இது எந்த மாதம் என்று அவர் யோசித்திருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு, மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக, விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது அரசாங்க உத்தரவு. கரையேறி நிற்கும் படகுக்கு வர்ணம் அடித்து, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணி கண்ணியாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் அவர் வேலையில்லாதவர்கள் என்கிறார்.

நாற்றம் என்ற சொல்லுக்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. என் அம்மாவும் கருவாடு போட்டவர். விடிந்ததும் பழைய வலையை விரித்து நெத்திலியைப் பரப்புவார். வெயில் ஏற ஏறப் புரட்டிவிட வேண்டும், காக்கையையும் நாயையும் விரட்ட வேண்டும், வானம் கறுத்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். ஒரு மழை பட்டால் போதும், புழு வைத்துவிடும், ஏலத்தில் கடன் சொல்லி எடுத்த மீன் அத்தனையும் வீண். அவர் உள்ளங்கையில் உப்பு அரித்த வெடிப்புகள் எப்போதும் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கைதான் என்னைப் படிக்க வைத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் தகரக் கொட்டகையில் இருந்தபோது எனக்குப் பதினான்கு வயது. கார்களில் வந்து இறங்கியவர்கள் உதவியும் செய்தார்கள், அதை மறந்தால் நான் மனிதன் இல்லை. ஆனால் ஒருவர் என் ஆயாவின் கையில் புடவை ஒன்றைக் கொடுத்து, படம் சரியாக வரவில்லை என்று திரும்ப வாங்கி, மறுபடியும் கொடுத்தார். மூன்று முறை. மூன்றாவது முறை ஆயா அழுதது தம்பியை நினைத்து அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். எங்களை யாரும் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்களிடம் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அன்று நீயும் அங்கேதானே நின்றாய், அப்போதே ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் வேனில் ஏறிய பிறகு நான் மட்டும் திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, ஒரு கை நெத்திலியை அள்ளிச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். "நம்மூருப் புள்ளதானா நீ? நீயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேய்யா" என்றார்.

இப்போது சொல்கிறேன். அந்தக் காணொளி இன்று காலைவரை அப்படியே இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.