இரண்டாம் பாகம்னா முதல் பாகத்துக்குப் பதில் சொல்லணும்

சூப்பர் ஹீரோ படத்துக்கு அடுத்த பாகம் எடுக்கிறவங்க முதல்ல வில்லனைத்தான் பெருசாக்குறாங்க. முதல் படத்துல ஒரு ஊருக்கு ஆபத்துன்னா அடுத்ததுல உலகத்துக்கு, அதுக்கடுத்து பிரபஞ்சத்துக்கே. எனக்கு அதுல துளியும் ஆர்வமில்லை. முதல் பாகத்துல ஹீரோ செஞ்ச காரியத்துக்கும், மறைச்ச உண்மைக்கும், இழந்த ஆளுக்கும் இரண்டாம் பாகத்துல பதில் இருக்கா? நான் தேடுறது அது ஒண்ணைத்தான்.

2004ல வந்த ஸ்பைடர்மேன் 2 எனக்கு இன்னிக்கும் பெரிய படம், காரணம் அந்தப் பதில்தான். சாம் ரெய்மி இயக்கி, டோபி மக்வயர் நடிச்சது. விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கின படம். ஆனா போன ஞாயித்துக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில எங்க வீட்டு டிவியில தமிழ்ல போட்டுப் பார்த்தப்போ, எங்களை உட்கார வெச்சது எஃபெக்ட்ஸ் இல்லை.

அம்மா முதல் பாகம் பார்த்ததே இல்லை. முருங்கைக்கீரை உருவிகினே ஓரக்கண்ணால பார்த்துகினு இருந்தாங்க. 2002ல வந்த முதல் படத்துல பீட்டர் (அவன்தான் ஸ்பைடர்மேன்) ஒரு திருடனைத் தடுக்காம வழிவிட்டுடுவான். அதே திருடன் கையாலதான் அவனை வளர்த்த சித்தப்பா பென் சாவாரு. அந்த விஷயம் மே சித்திக்குத் தெரியவே தெரியாது. இரண்டாம் பாகத்துல, பென் சமாதிக்குப் போயிட்டு வந்து சித்தியும் பையனும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்காங்க. அன்னிக்கு அவரைப் போக விட்டிருக்கக் கூடாது, தப்பு என்னோடதுதான்னு சித்தி வருத்தப்படுறாங்க. அதைத் தாங்க முடியாம பீட்டர் உண்மையைச் சொல்லிடுறான். அவன் பேசப் பேச சித்தி முகம் மாறுது. அவன் பிடிச்சிருந்த கையை உருவிக்கிறாங்க. ஒரு வார்த்தை பேசல. எழுந்து மாடிப்படி ஏறிப் போயிடுறாங்க.

அம்மா கீரையை அப்படியே விட்டுட்டாங்க. "கைய எடுத்துட்டா பாரு. நாலு திட்டு திட்டியிருந்தாகூட பரவாயில்லடா. இத்தினி நாளு மனசுலயே வெச்சிகினு எப்படிடா இருந்தான் இந்தப் பையன்?"

முதல் பாகம் பார்க்காதவங்களுக்கே அது புரியுது. சண்டை இல்லை, ஒரு கட்டடம் இடியலை. ரெண்டு பேரும் ஒரு மேஜையும்தான். ஆனா முதல் படத்தோட மொத்த பாரமும் அங்க வந்து இறங்குது. அப்புறம் அதே சித்தி அவனை மன்னிச்சு, உண்மையைச் சொன்னதுக்கே தைரியம் வேணும்னு சொல்றப்போ நமக்கும் மூச்சு வருது.

பீட்டரோட நண்பன் ஹாரியோட கதையும் அப்படித்தான். தன் அப்பாவைக் கொன்னது ஸ்பைடர்மேன்னு முதல் படத்துலேருந்து நம்புறவன், முகமூடியைக் கழட்டிப் பார்த்தா உயிர் நண்பன் முகம். தான் காதலிச்ச மேரி ஜேனை விலக்கி வெச்சதுக்கும் பீட்டர் இதுலதான் பதில் சொல்றான். எதையும் அப்படியே விட்டுட்டுப் போகலை.

ரயில் காட்சியைப் பத்தி சொல்லியே ஆகணும். ஓடுற ரயிலோட முகப்புல நின்னு, ரெண்டு பக்கமும் வலையை இழுத்துப் பிடிச்சு அவன் நிறுத்துறான். முகமூடி இல்லை, உடை கிழிஞ்சு தொங்குது, கடைசியில மயங்கிச் சாயுறான். அவன் கீழ விழறதுக்குள்ள பெட்டிக்குள்ள இருந்து கைகள் வந்து பிடிச்சு, தலைக்கு மேல தூக்கி, கை மாத்தி கை மாத்தி உள்ள கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறாங்க. அப்போதான் தெரியுது, இவன் நம்ம பிள்ளை வயசுப் பையன்னு. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு வாக்கு கொடுக்கிறாங்க. காட்பாடியில ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னைக்கு வேலைக்குப் போய் வர்ற நம்ம வட ஆற்காட்டு சீசன் டிக்கெட்காரங்களுக்கு அந்தக் கைகளைத் தெரியும். நெரிசல்ல யாராவது மயங்கினா, குழந்தையோட ஒரு அம்மா ஏற முடியாம நின்னா, பேர் ஊர் கேட்காம நீளுற கைகள். அந்தக் காட்சி முடியற வரைக்கும் அக்கா பையன் கொஞ்சம்கூட அசையலை.

இப்போ வர்ற தொடர்ச்சிகள்ல எனக்குக் கோபம் வர்றது இங்கதான். செத்தவங்க சாகுறதே இல்லை. மல்டிவெர்ஸ்னு சொல்லி வேற உலகத்துலேருந்து அதே ஆளைக் கூட்டிட்டு வந்துடலாம். 2017ல லோகன் படத்துல வுல்வரின்ங்கிற ஹீரோ செத்தப்போ தியேட்டர்ல கலங்கி உட்கார்ந்திருந்தவன் நான். 2024ல டெட்பூல் & வுல்வரின் படம் தொடங்குறதே அந்தக் குழியைத் தோண்டி எலும்பை எடுத்து சண்டை போட்டு விளையாடுறதுல. கைதட்டல் விழுந்துச்சு. எனக்கு மனசே வரலை. அந்த அழுகை பொய்யான மாதிரி இருந்துச்சு.

நம்ம எந்திரன்லயும் (2010) எனக்கு அந்த வருத்தம் உண்டு. கோர்ட்டு உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே ஒவ்வொரு பாகமா கழட்டிப் போடுற காட்சி, தமிழ்ல ஒரு சூப்பர் ஹீரோவுக்குக் கிடைச்ச மிகச் சிறந்த முடிவு. 2018ல 2.0 வந்தப்போ கொஞ்சம் வாக்குவாதம் நடத்திட்டு சீக்கிரமே திரும்ப மாட்டிடுறாங்க. கழட்டிப் போட்டதுக்காக சிட்டி மனசுல என்ன இருக்குன்னு ஒரு காட்சி வெச்சிருக்கலாம். ஷங்கரால முடியாததா?

பெரிய படம்னாலே முடியாதுன்னு சொல்லவும் வழியில்லை. அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் (2019) 181 நிமிஷம், திரை நிறைய ஹீரோக்கள். தமிழ்ல அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்ததுல பலருக்கு வருத்தம். எனக்கு அது உறுத்தலை. 2018ல இன்ஃபினிட்டி வார்ல டோனி கையிலேயே தூளாப் போன பையன் பீட்டர் (இங்க ஸ்பைடர்மேனா நடிச்சது வேற நடிகர்) திரும்பி வந்து நிக்கிறான், படபடன்னு பேசிகிட்டே இருக்கான். டோனி பதிலே பேசாம இழுத்துக் கட்டிப்பிடிச்சுக்கிறாரு. நடுப்போர்க்களத்துல சில நொடிதான். முந்தின படத்தோட துக்கத்துக்கு அது போதும்.

அப்புறம் அந்த டோனியும் சாகுறாரு, சின்னப் பொண்ணு மார்கனை விட்டுட்டு. டோனியா நடிச்ச அதே ராபர்ட் டவுனி ஜூனியர் டாக்டர் டூம்ங்கிற வில்லனா திரும்ப வர்றாருன்னு 2024 ஜூலையில அறிவிச்சாங்க. நான் முதல் நாளே போவேன், தமிழ்லதான் பார்ப்பேன். எத்தனை உலகம் அழியுதுன்னு எண்ண மாட்டேன். அந்த முகத்தை மார்கன் நேருக்கு நேரா பார்க்குற மாதிரி ஒரு காட்சி எழுதியிருக்காங்களான்னு பார்ப்பேன்.