ஆறு மணிக்கு இரண்டு மெழுகுவர்த்தி

பின்லாந்தின் எஸ்போ நகருக்குக் குடிவந்த முதல் வருடம். டிசம்பர் 6. லீவு என்று தெரியும், எதற்கு என்று விசாரிக்கவில்லை. மூணேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால் எதிர் பிளாக்கில் ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டு மெழுகுவர்த்தி. நம்ம ஊர்ப் புத்தி, கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு பிரிட்ஜ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது!

அதுதான் பின்லாந்தின் சுதந்திர தினம். இங்குள்ள நம் ஆட்கள் "சுதந்திர தினமா, இழவு வீடா?" என்று கிண்டலடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன். ஹெல்சின்கியில் ஹியேதானியெமி கல்லறைத் தோட்டத்தில் போரில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி, அங்கிருந்து செனட் சதுக்கம் வரை தீப்பந்தம் ஏந்திய மாணவர்கள், டிவியில் வருஷா வருஷம் அதே போர்ப்படம்.

ஆனால் கதை தெரிந்த பிறகு கிண்டலை விட்டுவிட்டேன். 1917 டிசம்பர் 6 அன்று நாடாளுமன்றம் ரஷ்யாவிடமிருந்து விடுதலை என்ற அறிவிப்பை ஏற்றது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1918இல் உள்நாட்டுப் போர்: 'சிவப்பர்கள்' எனப்பட்ட இடதுசாரித் தொழிலாளர் தரப்பும் 'வெள்ளையர்கள்' எனப்பட்ட அரசுத் தரப்பும் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்துவிட்டார்கள். 31 லட்சம் பேர் இருந்த நாட்டில் 36,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 12,000க்கும் அதிகமானோர் சண்டையில் சாகவில்லை. தோற்ற சிவப்பர்களை அடைத்த முகாம்களில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள். எந்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் எந்தத் தரப்பின் பேரன் இருக்கிறானோ! இப்படிப்பட்ட தேதியில் ஊரே பட்டாசு வெடித்திருந்தால்தான் அசிங்கம்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அன்றைக்குப் பேச்செல்லாம் 1939இல் சோவியத் படை நுழைந்ததும் நாடே ஒன்றாக நின்ற குளிர்காலப் போரைச் சுற்றியே ஓடுகிறது. உண்மைதான், 105 நாள் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் 1918? ஆபீஸில் உடன் வேலை பார்ப்பவரின் கொள்ளுத்தாத்தா முகாமில் செத்தவர். "பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

சரி, முழுக்க துக்கமும் இல்லை. ராத்திரி அதிபர் மாளிகை விருந்து. கிட்டத்தட்ட 2,000 விருந்தினர்கள் வரிசையில் வந்து அதிபரிடம் கை குலுக்குவார்கள், அவ்வளவுதான். 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் இதை டிவியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்! போரில் சண்டையிட்ட முதியவர்கள் முதலில் வரும்போது அறையே அடங்கிவிடும். அப்புறம் யார் கவுன் எப்படி என்ற வம்பு. வாய் திறக்காத என் ஆபீஸ் ஆட்கள்கூட மறுநாள் கவுனைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார்கள்.

போன வருடம் நாங்களும் நீலமும் வெள்ளையுமாக இரண்டு வாங்கி ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் காலிங் பெல். பக்கத்து வீட்டுப் பாட்டி. வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். "உங்கள் திரைச்சீலை மெழுகுவர்த்திக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்து வருடத்தில் அவர் எங்கள் வீட்டு பெல்லை அடித்தது அதுதான் முதல் தடவை.