டெபியன் 13க்கு மாற வன்தட்டை அழிக்க வேண்டியதில்லை

லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனின் 13ஆம் பதிப்புக்குப் போவதற்கு வன்தட்டை முழுதாக அழித்து மீண்டும் நிறுவ வேண்டும் என்று ஒரு பதிவில் எழுதப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி மாணவர்கள் சிலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அன்புடன் சொல்கிறேன், அது சரியல்ல. 12ஆம் பதிப்பிலிருந்து, 2025 ஓகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்புக்கு, உள்ள நிறுவலை அழிக்காமலே மேம்படுத்துவது டெபியன் திட்டமே ஆதரிக்கும் வழி. 11இலிருந்து நேரே 13க்குத் தாவுவதுதான் ஆதரிக்கப்படுவதில்லை.

புதுக்குடியிருப்பில் ஒரு மாணவியின் பழைய மடிக்கணினியில், மென்பொருள்களைத் தரவிறக்கும் களஞ்சியங்களின் பட்டியலில் ‘புக்வேர்ம்’ (12இன் குறிப்பெயர்) என்றிருந்த இடங்களை ‘டிரிக்ஸி’ (13இன் குறிப்பெயர்) என்று மாற்றி, மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ‘ஏப்ட்’ கட்டளையின் அப்டேட், புதிய மென்பொருள் பொதிகளைச் சேர்க்காத அப்கிரேட், ஃபுல்-அப்கிரேட் ஆகியவற்றை இதே ஒழுங்கில் இயக்கினேன். அவருடைய உயர்தரப் பாடக்குறிப்புகள் அப்படியே இருந்தன. (முன்னதாகப் பிரதி எடுத்து வைத்திருந்தோம், அதை நீங்களும் தவறாமல் செய்யுங்கள்.)

இதை எவரும் சரிபார்க்கலாம். டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்புகளில் 4ஆம் அத்தியாயம் முழுவதும் இந்த மேம்படுத்தலைப் பற்றியதே. மேம்படுத்திய பின் ‘ஈடிசி’ கோப்புறையிலுள்ள ‘டெபியன்_வெர்ஷன்’ என்ற கோப்பைத் திறந்தால் 13 என்று தொடங்கும் எண்ணைக் காட்டும். ‘வார்’ கோப்புறையின் ‘லாக்’ பகுதியிலுள்ள ‘இன்ஸ்டாலர்’ பதிவுகளோ, கணினியில் டெபியனை முதன்முதல் நிறுவிய நாளின் திகதியுடனேயே இருக்கும். வன்தட்டு அழிக்கப்பட்டிருந்தால் அந்தப் பழைய திகதி எஞ்சியிருக்காது.