"ஏம்மா, வீட்ல சமைக்கிறதே இல்லியா?"

போன வாரம் என் வீட்டுக்காரருக்கு மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் வந்தது. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 312. 150-க்குள் இருக்க வேண்டியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.2, அதாவது சர்க்கரை நோய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று. வயது 41. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. இவ்வளவையும் வாசித்து முடித்த டாக்டர் கண்ணாடிக்கு மேலாக யாரைப் பார்த்தார் தெரியுமா? என்னை. "ஏம்மா, வீட்ல சமைக்கிறதே இல்லியா?"

ரிப்போர்ட் அவருடையது. வயிறு அவருடையது. ஆர்டர் போட்ட போனும் அவருடையதுதான். பதில் சொல்ல வேண்டியது மட்டும் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவள். காலை ஐந்தரைக்கு எழுந்து குக்கர் வைத்து மூன்று டப்பா கட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். திரும்ப எட்டாகிவிடும். பெருங்களத்தூர் வரும்வரை நின்றுகொண்டே வந்த காலோடு மறுபடி அடுப்படியில் நிற்க முடியவில்லை. ஆமாம், வாரத்தில் நாலு ராத்திரி பார்சல்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் பீட்சா, பர்கர் தின்கிற கூட்டமில்லை. இட்லி, தோசை, பரோட்டா, சப்பாத்தி குருமா. தெருமுனை ஹோட்டல். "வீட்டு முறை உணவு" என்று போர்டே போட்டிருக்கிறான். எந்த வீட்டு முறையோ தெரியவில்லை!

ஒருநாள் பரோட்டாவோடு வந்த சால்னா மீந்துவிட்டது. டப்பாவோடு பிரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாளம். கரண்டியால் நெம்பினேன், உருகி உறைந்த மெழுகுவர்த்தி மாதிரி துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் கொஞ்சம் குழம்பு, ஒரு கறிவேப்பிலை. அந்தப் பாளத்தைத் தனியாக எடுத்து அளந்து பார்த்தேன், வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். மூன்று மேசைக்கரண்டி. என் வீட்டில் நாலு பேருக்குக் குழம்பு தாளிக்க நான் ஊற்றுவதே அவ்வளவுதான். நல்லெண்ணெய் பிரிட்ஜில் இப்படிப் பாளமாக உறையாது. பாமாயிலாகத்தான் இருக்க வேண்டும். கடைப் பையனைக் கேட்டால், "சுத்தமான எண்ணெய்க்கா" என்கிறான். சுத்தம் சரி, எவ்வளவு தம்பி?

இதுதான் என் வயிற்றெரிச்சல். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினால் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பொடி எழுத்திலாவது அச்சடித்திருக்கிறான். 240 ரூபாய் பிரியாணியில் என்ன இருக்கிறது என்று ஒருவனும் சொல்வதில்லை. பத்துக் கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கிற பெரிய ஹோட்டல்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்ற சட்டம் 2022-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் தெருமுனைக் கடைக்கு இருப்பது ஒரே ஒரு கிளை. அதனால் அந்தச் சட்டம் அவனைத் தொடாது. நாங்களோ அங்கேதான் சாப்பிடுகிறோம்.

உப்பு இன்னும் மோசம். எண்ணெயாவது பிரிட்ஜில் வைத்தால் மேலே வந்து காட்டிக்கொடுக்கிறது, உப்பு அதுவும் செய்யாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இட்லி மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, இரண்டு சட்னியிலும் உப்பு, பொடியிலும் உப்பு. இட்லி என்னவோ ஆவியில் வெந்ததுதான், பாவம். கூட வருகிற பரிவாரம்தான் ஆளைச் சாய்க்கிறது. பார்சல் சாப்பிட்ட ராத்திரிகளில் இரண்டு மணிக்கு நாக்கு வறண்டு எழுந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன். வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரிலும் அப்படித்தான் எழுகிறேன் என்பது உறைக்க ஒரு வருஷம் ஆனது. என் பிபி 140-ஐத் தொட்ட கதை தனி. அதை டாக்டர் கேட்கவே இல்லை, நான் சமையல்காரியாகத்தானே போயிருந்தேன்.

அப்புறம் அந்த ஸ்டேஷன் வாசல் பஜ்ஜிக் கடை. சட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் கறுப்புக் காபி நிறத்தில் இருக்கும். குறையக் குறைய மேலே புது எண்ணெய் ஊற்றுவார்களே தவிர, பழையதைக் கொட்டி நான் பார்த்ததில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் உடைந்து என்னென்னவோ ஆகிறது. அந்தக் கழிவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்தே விதி இருக்கிறது. யார் வந்து அளக்கிறார்கள்? பஜ்ஜியைப் பிழிவதற்கு மட்டும் நேற்றைய பேப்பர் தயார். எண்ணெயோடு அச்சு மையும் சேர்ந்து உள்ளே போகும். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. நேற்றுகூடக் கொதிக்கிற சாம்பாரைப் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொடுத்தான். பை உப்பிக்கொண்டு கையைச் சுட்டது.

சரி, நாக்கைக் கட்டு என்கிறார்களே, அந்த ஆர்டர் போடுகிற ஆப் விடுகிறதா? இரண்டு தோசை போதும் என்று போட்டால், "இன்னும் 49 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்கிறது. முப்பது ரூபாய் டெலிவரியை மிச்சம் பிடிக்க இவர் 60 ரூபாய்க்குக் குலாப்ஜாமூன் போடுவார். கணக்கில் புலி! ராத்திரி ஒன்பதரைக்கு மைதா, எண்ணெய், ஜீரா மூன்றும் உள்ளே போய், பத்தரைக்கு ஆள் குறட்டை விட்டால் ஈரல் என்ன செய்யும்? செலவாகாத மாவையும் சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றி அது தன்னிடமே அடுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த 312 ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை.

ரிப்போர்ட் விஷயம் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தை போன் செய்தார். "நாங்கல்லாம் அஞ்சு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஆட்டுக்கல்லுல அரைச்சோம்." சரிங்க அத்தை. நீங்கள் அரைத்தீர்கள், மின்சார ரயில் பிடிக்கவில்லை. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அதற்கு மேல் 13 கோடிப் பேர் இவரைப் போல விளிம்பில் நிற்கிறார்களாம். அத்தனை கோடி வீட்டிலும் ஒரு சோம்பேறிப் பெண்டாட்டியா உட்கார்ந்திருக்கிறாள்? கடைக்காரனைக் கேட்க ஆளில்லை, ஆப்காரனைக் கேட்க ஆளில்லை, எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிற ஆபீசைக் கேட்கவே முடியாது. கைக்கெட்டுகிற தூரத்தில் நான்தான் இருக்கிறேன் போல.

டாக்டரிடம் அன்று வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது திறந்தேன். தாம்பரம் வரை திறந்தே இருந்தது. ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

அதன் பலனாக, நேற்று ராத்திரி இவர் அடுக்களைக்குள் போனார். தக்காளி எங்கே, மிளகு எங்கே, பெருங்காயம் எது என்று பதினாலு கேள்வி கேட்டு ஒரு ரசம் வைத்தார். பரிமாறிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் வைத்தேன்.

உப்புக் கரித்தது. தெருமுனை ஹோட்டலில் மாஸ்டர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தான், போகிறீர்களா என்றேன்.