"பாஸ் அள்ளும்க்கா" என்று சொல்லி விற்கிற ஹெட்செட் கே-பாப்புக்கு ஆகாது

"கே-பாப் கேக்கணும், நல்ல ஹெட்செட் ஒண்ணு சொல்லுங்க" என்று இன்பாக்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான். பெட்டியில் "எக்ஸ்ட்ரா பாஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கொரியப் பாட்டு என்றாலே அதிரடிதானே, அதற்கு பாஸ் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் அது பாட்டிலேயே கொட்டிக் கிடக்கிறது, மேற்கொண்டு நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அந்தப் பாட்டுகள் உருவாகிற விதமே வேறு. கொரியாவின் எஸ்எம் மாதிரி பெரிய இசைக் கம்பெனிகள் ஸ்வீடன், அமெரிக்கா என்று பல ஊர் இசைக்காரர்களை ஒரே ஸ்டுடியோவில் உட்கார வைத்து, ஒருவரிடம் தாளக்கட்டு, ஒருவரிடம் மெட்டு, இன்னொருவரிடம் வரிகள் என்று வாங்கிக் கோக்கிறார்கள். மூன்று நிமிடப் பாட்டுதான். அதற்குள் அடியில் 60 ஹெர்ட்ஸுக்கும் கீழே ஓர் உறுமல், உச்சியில் மினுமினுக்கும் சின்தசைசர் சத்தம், நடுவில் ஒருவர் பாடப் பின்னால் அதே வரிக்கு நாலைந்து குரல் அடுக்கு. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, சத்தம் எங்குமே தாழாதபடி இறுக்கி மாஸ்டரிங் செய்கிறார்கள். அடியில் இருக்கிற பாஸும் உச்சியில் இருக்கிற ட்ரெபிளும் ஏற்கெனவே ஏறி நிற்கின்றன. அதன்மேல், அவை இரண்டையும் இன்னும் தூக்கி நடுவை அமுக்குகிற இயர்போனைப் போட்டால் (இதைத்தான் வி-ஷேப் என்கிறார்கள்) காணாமல் போவது குரல். கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தவரிடம், நாயனத்தில் என்ன ராகம் வாசித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதைதான்.

கே-பாப்பில் குரல் போனால் அப்புறம் என்ன மிச்சம்? செவன்டீனில் 13 பேர், ட்வைஸில் 9 பேர். ஒருவர் ஒன்றரை வரி பாடுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். எந்த வரி யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே ரசிகர்களுக்குப் பாதி சுகம். மன்னார்குடியில் பிளஸ் டூ படிக்கிற என் அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், "சித்தி, இது நயான்... இப்ப ஜிஹ்யோ." அவளிடம் "பாஸ் அள்ளும்" வகையறா ஒன்றைக் கொடுத்து, அவள் மனப்பாடமாக வைத்திருக்கிற பாட்டையே போட்டேன். பல்லவிக்கு முன்னால் பாட்டு மெல்ல மேலே ஏறுகிற இடத்தில் முகம் சுருங்கியது. "பின்னாடி பாடுறவங்களக் காணும் சித்தி." என் பழைய இயர்போனை மாட்டிவிட்டதும் திரும்ப வந்துவிட்டார்கள். இரண்டிலும் சத்தம் ஒரே அளவுதான். அந்தக் குரல்களை மறைத்தது தடித்துப் போன பாஸ். 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து அது வழியை அடைத்துவிடுகிறது. உறுமல் கீழேயே, தன் இடத்தில் நின்றுகொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை.

அடுத்த விஷயம் ட்ரெபிள். 5,000 ஹெர்ட்ஸிலிருந்து 9,000 வரை உள்ள பகுதியில்தான் "ஸ்", "ச்" சத்தங்கள் குத்தும். கொரிய வரிகளில் ஸகரத்துக்குப் பஞ்சமில்லை, இடையிடையே ஆங்கில வார்த்தைகள் வேறு. அதையும் மைக்கை உதட்டோரம் வைத்துப் பாடிப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பகுதியைத் தூக்கி வைத்த இயர்போனைக் கடையில் போட்டுப் பார்த்தால் ஆகா, என்ன தெளிவு என்று தோன்றும். நாலாவது பாட்டில் காது கெஞ்சும். கடையில் கேட்கிற ஒரு நிமிடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே இயர்போன் ஒத்துவரும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2020-இல் வந்த எஸ்பா, 2018-இல் வந்த ஸ்ட்ரே கிட்ஸ் இரண்டிலும் உலோகத்தை உரசுகிற மாதிரி சத்தங்கள் நிறைய. அவற்றுக்கு ட்ரெபிள் அடங்கிய இயர்போன்தான் சரி, இல்லையென்றால் தலைவலி மாத்திரையையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். 2022-இல் வந்த நியூஜீன்ஸ் வேறு ரகம். அதிகம் அடைக்காமல், மெல்லிய டிரம்ஸ், மெல்லிய குரல், அடியில் உருண்டையாக ஒரு பாஸ். அந்த பாஸ் அளவோடும் ஆழத்தோடும் வந்தால் போதும், கொழகொழக்கக் கூடாது. ரெட் வெல்வெட் குழு, தனிப்பாடகி ஐயூ கேட்கிறவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் குரலுக்கு மட்டும் காசு கொடுங்கள். என் ஓட்டு எப்போதும் ரெட் வெல்வெட்டுக்குத்தான். அவர்களுடைய பின்குரல் அடுக்குகளைக் கேட்ட பிறகு மற்றவர்களுடையது எனக்குக் கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது. பிளிங்க்குகள் (பிளாக்பிங்க் ரசிகர்கள்) சண்டைக்கு வரலாம், தாராளமாக வாருங்கள்.

இனி, விமர்சன வீடியோக்களில் அரை நிமிடத்தில் தாண்டிப் போகிற சங்கதி: காதுக்குப் பொருந்துவது. அந்த வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்தப் பாட்டைக் கேட்பவர்களில் எங்கள் பக்கத்தில் நான் பார்ப்பதெல்லாம் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். சராசரியாகப் பெண்களின் காதுத் துளை ஆண்களுடையதைவிடச் சிறியது. அந்த ஆண்கள் "வசதிக்குப் பத்துக்கு ஒன்பது" என்று மார்க் போடுகிற அதே பெரிய இயர்போன் உருண்டை, நமக்கு அரை மணி நேரத்தில் காது மடலை நோகடித்துவிடும். நாலைந்து டிரைவரை (சத்தம் எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர்) உள்ளே அடைத்த மாடல்களில் இந்தத் தொல்லை அதிகம். வாங்குவதற்கு முன்னால் உருண்டை எவ்வளவு பெரியது, காதுக்குள் போகிற குழாய் எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இயர்போன் முனையில் மாட்டுகிற ரப்பர் காதைச் சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பாஸ்தான். மயிரிழை இடுக்கு போதும். அப்புறம் "இதில் பாஸே இல்லை" என்று ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு, எக்ஸ்ட்ரா பாஸ் பெட்டியைத் தேடிப் போவார்கள். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். பாஸ் சட்டென்று கூடினால் உங்களுக்கு அந்த ரப்பர் சைஸ் தப்பு. பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வைத்திருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஏற்கெனவே மாட்டியிருக்கிற நடுத்தரத்தோடேயே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் என்று சட்டமும் இல்லை. எனக்கு வலது காதுக்குச் சின்னது, இடது காதுக்கு நடுத்தரம். ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குகிற ஃபோம் டிப் இன்னும் நன்றாக அடைக்கும், ட்ரெபிளையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஸகரம் குத்துகிற இயர்போன் ஏற்கெனவே கையில் இருந்தால், புதிது வாங்குவதற்கு முன்னால் இதை முயன்று பாருங்கள். ஃபோனில் பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் 6,000, 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினாலும் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

இன்னொன்று எந்த வீடியோவிலும் வராது. ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போடுகிற மாடல்தான் இப்போது எங்கும். மூக்குக் கண்ணாடியின் காம்பு, மாட்டல், அந்த ஒயர் மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது மாட்டல் கொக்கி ஒயரில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கக் காது எரிகிறது. பக்கத்து சீட்டு அம்மாதான் "அசையாம இரு பாப்பா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு பக்குவமாக எடுத்துவிட்டார்கள். தினமும் நகை போடுகிறவர்கள் ஒயர் நேராகக் கீழே தொங்குகிற வடிவத்தை வாங்குங்கள். ஜப்பானின் ஃபைனல் கம்பெனியின் இ3000 அந்த வடிவம்தான், ஸகரமும் குத்தாது.

பஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு வலங்கைமான் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். மேலே ஸ்பீக்கரில் இளையராஜா, கீழே இன்ஜின் உறுமல், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டால் நாலு பக்கமும் ஹாரன். இன்ஜின் உறுமலும் பாட்டின் பாஸும் ஏறத்தாழ ஒரே தளத்தில் இருப்பதால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். உடனே கை வால்யூமுக்குப் போகிறது. எக்ஸ்ட்ரா பாஸ் இயர்போன் எங்கள் ஊரில் விலைபோவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் ஊகம். வெளிச்சத்தத்தை அடைத்தாலே பாஸ் தானாகத் திரும்பிவிடும். பஸ்ஸில் மட்டும்தான் கேட்பேன் என்பவர்களுக்கு, சத்தத்தை அடக்குகிற வசதியுள்ள ஒயர்லெஸ் பட்ஸ் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாழ்ந்த உறுமலை அவை நன்றாக அடக்கும். ஆனால் அதற்குள் இருக்கிற பொட்டு பேட்டரி ஒருநாள் தளரும், பெரும்பாலானவற்றில் கழற்றி மாற்ற வழியில்லை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஒயர்தான் என் தேர்வு. ஃபோனில் 3.5 எம்எம் ஓட்டை இல்லாதவர்கள் சார்ஜர் ஓட்டையில் செருகுகிற டைப்-சி டாங்கிள் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தில் பாட்டை அனுப்புகிற எல்டாக், ஏஏசி முறைகளில் எது உசத்தி என்கிற சண்டையெல்லாம் யூடியூபில் பாட்டு வீடியோ பார்க்கிற நமக்கு எதற்கு?

கடைக்காரர் சொல்கிற நம்பர்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். "14 எம்எம் டிரைவர்க்கா, வேற லெவல்" என்றார் ஒருவர். டிரைவர் பெரிதானால் சத்தம் நல்லதாகிவிடாது. எட்டு டிரைவர் போட்டதைவிட ஒற்றை டைனமிக் டிரைவர் போட்டது குரலை ஒழுங்காகக் காட்டியதும் உண்டு. எவ்வளவு பேருக்கு எந்தச் சத்தம் பிடிக்கிறது என்று ஹார்மன் என்கிற ஆடியோ கம்பெனி, ஆட்களைக் கேட்க வைத்துச் சோதித்து ஒரு வளைகோடு போட்டு வைத்திருக்கிறது. இன்று பல கம்பெனிகள் அதை ஒட்டித்தான் டியூன் செய்கின்றன. அந்த ஹார்மனை 2017-இல் வாங்கியது கொரியாவின் சாம்சங். அதே ஆண்டு கேலக்ஸி எஸ்8 பெட்டியில் ஹார்மனின் ஏகேஜி பிராண்ட் பெயர் போட்ட இயர்போனை இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள், 2021-இல் எஸ்21 வந்தபோது நிறுத்திவிட்டார்கள். உங்கள் வீட்டு மேசை டிராயரில் அது ஒன்று கிடந்தால் துடைத்துப் போட்டுக் கேளுங்கள்.

விலைக்கு வருவோம். சீனாவிலிருந்து 20 டாலர் அளவில் வந்த மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் ஸால்நோட்ஸ் ஜீரோ, டாங்சூ வானர் மூன்றுமே ஒற்றை டைனமிக் டிரைவர். மூன்றிலும் குரல் முன்னால் நிற்கும். முதல் சூவில் ஒயரைக் கழற்ற முடியாது, மற்ற இரண்டிலும் முடியும். ஒயர் அறுந்தால் முழுதையும் தூக்கிப் போட வேண்டாம் என்பதால் நான் பின்னவை பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். ஐடல்கள் (கே-பாப் நட்சத்திரங்கள்) மேடையில் காதில் போட்டிருப்பது மாதிரி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது அவரவர் காதை அச்செடுத்துச் செய்தது, தாளமும் சொந்தக் குரலும் தெரிந்தால் போதும் என்று வேலைக்காகப் போடுவது. ரசிகர்கள் கூடச் சேர்ந்து பாடும்போது அவர்களே ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுத்தான் கேட்கிறார்கள்!

வாங்கிய பிறகு நம் ஊர் புழுக்கம் ஒன்று இருக்கிறது. வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், காது அழுக்கு மூன்றும் சேர்ந்து இயர்போன் குழாயின் முனையில் இருக்கிற குட்டி வலையை அடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் ரிப்பேர் என்று பதற வேண்டாம். ரப்பரைக் கழற்றி, இயர்போனைத் தலைகீழாகப் பிடித்து, காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் வலையை மெல்லத் தட்டுங்கள். குத்தக் கூடாது, ஊதக் கூடாது. இயர்போன் டப்பாவில், செருப்புப் பெட்டியோடு வருகிற சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

வால்யூம் பற்றி அம்மாக்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். இறுக்கி மாஸ்டரிங் செய்த பாட்டில் காது ஓய்வெடுக்க இடமே இருக்காது. ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

இனிமேல் இன்பாக்ஸில் கேட்பவர்கள் பட்ஜெட், ஃபோன் மாடல், தினமும் மாட்டல் போடுவீர்களா, உங்கள் பயஸ் (குழுவில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர்) யார் என்று நாலையும் எழுதுங்கள். பயஸ் பெயரைச் சொல்லாமல் "சும்மா எல்லாப் பாட்டும்தான் கேப்பேன்" என்பவர்களுக்குப் பதில் வர நாளாகும்.