நாய்க்குக்கூடப் பெயர் எழுதிய மண்

ஞாயிற்றுக்கிழமை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் செத்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒழுங்காக வெட்டிய புல், வரிசையாகக் கற்கள். பெயர், படைப்பிரிவு, வயது. ஒரு கல்லில் 21 என்று பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போகவே மனசு வரவில்லை. எங்கோ பிறந்த பையன், பூந்தமல்லி சாலை ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். ஆனாலும் அவனுக்குப் பெயர் இருக்கிறது.

இராக்கில் இருக்கும் பாஸ்ராவில் நம் ஆட்களுக்கு அதுகூட இல்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) பிரிட்டிஷ் பேரரசுக்காகச் செத்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 1929இல் அங்கே நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரர் என்றால் சாதாரண சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், அதில் இத்தனை பேர் என்று ஓர் எண்ணும், அவ்வளவுதான். (பிரான்சில் நவ் சப்பேல் நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர் எழுதியிருக்கிறார்களே என்பீர்கள். ஆமாம், எழுதியிருக்கிறார்கள். அப்போ முடியாத காரியம் இல்லையே?)

இதைச் சொன்னால் உடனே "கடமைக்காகப் போனார்கள்" என்று ஒருவர் வருவார். 1914இல் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் பெரிதாகப் பேசுவோம், சரி, சோறு போட்டவனுக்கு எந்தக் கடனும் கிடையாதா? மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் ஆட்களும் அந்தப் பாலைவனத்துக்குப் போனவர்கள்தான். யாருடைய எண்ணெய்க்கு, யாருடைய ராஜ்ஜியத்துக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு எடுத்த கல். அவன் பின்னால் ஒரு நாய் நிற்கும். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்ததாம், பெயர் கோவிவன். 1,400 வருஷமாக அந்த நாயின் பெயர் கல்லில் இருக்கிறது. பாஸ்ராவில் ஆயிரக்கணக்கான மனுஷனுக்கு வெறும் எண்.

இந்தக் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இந்தப் பாகுபாட்டுக்காக 2021இல் மன்னிப்புக் கேட்டது. கேட்கட்டும்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பாவோ அவர் அண்ணன் தம்பியோ "பஸ்ரா போனவர், திரும்பலை" என்று பேச்சு இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் போதும். ஊரும் தெரிந்தால் இன்னும் நல்லது.